விக் கடை வெப்சைட் விஷயமாக மாப்பிள்ளைக்கு

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் இங்கே நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதக் காரணம் உண்டு. இருபது நாட்களாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. என் மகள் எடுத்தாலும், "அவர் குளிச்சிட்டிருக்கார்ப்பா" என்கிறாள். இருபது நாளாகக் குளிக்கிற மனிதருக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கடிதத்தின் முதல் வேண்டுதல்.

விக் கடை அம்மாவின் வெப்சைட்டை உங்கள் கம்பெனியிலிருந்து நான் பிடுங்கி எடுத்தது உங்களுக்கு அவமானமாகப் போய்விட்டது என்றும், ரிட்டையர் ஆனதிலிருந்து மாமாவுக்குப் பொழுது போகவில்லை, அதனால் எதிலாவது தலையைக் கொடுக்கிறார் என்றும், நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நீங்கள் சொன்னதாக மகள் சொன்னாள். அவள் என் மகள். சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். ஆகவே பதிலையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். கேட்க மாட்டேன். இதைக் கடைசியில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் எதையும் முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை என்று கேள்விப்பட்டதால் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். மேற்கொண்டு படித்தால் ஏன் என்று தெரியும்.

முதலில் அந்த அம்மா யார் என்பதை உங்களுக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. "ஒரு சின்ன பிசினஸ் கிளையன்ட்" என்று நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டீர்கள், நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் மாமியாருக்கு வைத்தியம் நடந்தபோது தலைமுடி மொத்தமும் கொட்டிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாதம் அவள் வாசல் கதவைத் திறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தால்கூட நான்தான் போய்க் கையெழுத்துப் போடுவேன். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லி, டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருக்கும் அந்த விக் கடைக்கு அழைத்துப் போனேன். முன்வாசலில் போய் நின்றால், அந்த அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்பக்கம் ஒரு சந்து இருக்கு அண்ணே, அது வழியா அக்காவ கூட்டிட்டு வாங்க" என்றார். உள்ளே போனதும் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கினார், திரையை இழுத்துவிட்டார், நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். "எப்ப பாக்கணும்னு தோணுதோ அப்ப திரும்புங்க அக்கா. அவசரமே இல்ல" என்றார். உங்கள் மாமியார் நாற்காலியைத் திருப்ப ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்த அம்மா ஒரு கஸ்டமரையும் உள்ளே விடவில்லை, சந்துக் கதவில் நான் காவல் நின்றேன். அன்று அவள் வெளியே வந்தது முன்வாசல் வழியாக.

அந்த அம்மா போன வருடக் கடைசியில், "அண்ணே, வெளியூர்லேருந்தெல்லாம் கேக்கறாங்க. ஒரு வெப்சைட் இருந்தா வரவங்களுக்கு லேசா இருக்கும். எதுல பண்றதுன்னு புரியல. தினம் ஒருத்தன் போன் பண்ணி எங்கள்ட்ட பண்ணுங்கங்கறான்" என்றபோது, வாயைத் திறந்து "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவன் நான்தான். வெப்சைட் பில்டர் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. மேஸ்திரி இல்லாமல் நாமே சுவர் எழுப்பிக்கொள்ளச் செங்கல், சிமெண்ட், கதவு, ஜன்னல் எல்லாம் வாடகைக்குத் தருகிற கடை அது என்று பிறகுதான் புரிந்தது. ஆனால் வாங்குவது எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. வாளியிலிருந்து கொதிகலன் வரை வாங்கியிருக்கிறேன். மூன்று இடத்தில் விசாரிக்காமல் ஒரு துடைப்பம்கூட என் கையெழுத்தில் உள்ளே வந்ததில்லை. ஆகவே இதற்கும் மூன்று இடம் பார்ப்பது என்று முடிவு செய்து, நீளக் காகிதத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் கம்பெனி, எல்லாவற்றையும் மவுசால் இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன கம்பெனி. நானும் நான்கு நாள் இழுத்தேன். கடை அம்மாவின் படத்தை இடது பக்கம் வைத்தேன், நல்ல அடர்த்தியான விக் ஒன்றின் படத்தை வலது பக்கம் வைத்தேன், நடுவில் போன் நம்பர். கம்ப்யூட்டரில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. உங்கள் மாமியார் அதையே தன் போனில் திறந்து பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "ஏங்க, இந்தம்மாவுக்கு எப்ப தாடி வளந்துச்சு?" என்றாள். வாங்கிப் பார்த்தால் நிஜம்தான். கம்ப்யூட்டரில் பக்கத்தில் இருந்ததெல்லாம் போனில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. தலையில் இருக்க வேண்டியது தாடையில் தொங்குகிறது. போன் நம்பரோ மூக்குக்கு மேலே. நகர்த்தினேன். போனில் சரியானால் கம்ப்யூட்டரில் மீசையானது. வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். கட்டத்தில் முதல் கம்பெனிக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டேன்.

இரண்டாவது கம்பெனி, நாம் ஒன்றுமே செய்ய வேண்டாம், கேள்விக்குப் பதில் சொன்னால் போதும், செயற்கை மூளை தானே எழுதிக் கட்டிக் கொடுத்துவிடும் என்றது. நல்லதாகப் போயிற்று என்று பதில் சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டது, முடி என்றேன். வாடிக்கையாளர்கள் யார் என்றது. உடம்பு சரியில்லாதவர்கள், வயதானவர்கள் என்றேன். என்ன நிறத்தில் வேண்டும் என்றது. அமைதியான நீலம் என்றேன். ஒரு நிமிடத்தில் கட்டிவிட்டது, மாப்பிள்ளை. நீலப் பின்னணி, மேகம், ஒரு புறா. கீழே எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "வயதாகிவிட்டதா? உடல்நலம் சரியில்லையா? இனிக் கவலை வேண்டாம். முடிக்க நாங்கள் இருக்கிறோம். வலியில்லாமல், ஒரே மணி நேரத்தில் உங்களை முடித்துத் தருகிறோம். உங்கள் குடும்பத்தார் மனநிறைவு அடைவார்கள்." இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டியபோது அவள் சிரித்து மூச்சுத் திணறி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். வைத்தியத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, அந்த ஒரு காரணத்துக்காக இரண்டாவது கம்பெனிக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டேன். பெருக்கல் குறியும் போட்டேன்.

மூன்றாவது, உங்கள் கம்பெனி. இங்கே நான் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உறவுக்காரரிடம் வாங்காதே என்பது கொள்முதல் பிரிவின் பால பாடம். என் சொந்தத் தம்பி பெயிண்ட் விற்றபோது அவன் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொன்னவன் நான். இரண்டு வருடம் அவன் பேசவில்லை. அப்படிப்பட்ட நான் உங்களிடம் சறுக்கினேன். நீங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு மடிக்கணினியைத் திறந்து காட்டினீர்கள். ஒரு மூலையில் சின்ன மணி ஒன்று ஆடி, "இப்போதுதான் ஒருவர் வாங்கினார்" என்று எட்டிப் பார்த்தது. "இந்த மணி அடிக்கற பகுதி மட்டும் முழுக்க நான் பண்ணது மாமா" என்றீர்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் என்னிடம் வாய்விட்டுப் பேசியது அன்றுதான். மனம் இளகிவிட்டது. கட்டத்தில் உங்கள் கம்பெனிக்கு நேராக டிக் போட்டேன். நான்கு கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது, அதற்கு வேண்டுமானால் விக் கடை அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பேன், ஏற்கெனவே கேட்டும் விட்டேன். உங்களிடம் கேட்க மாட்டேன்.

வெப்சைட் ஒரு திங்கட்கிழமை திறந்தது. மூன்று நாள் எல்லாம் நன்றாகவே போனது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடையிலிருந்து போன். "அண்ணே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போனேன். பின்வாசல் வழியாக நுழைந்தால், உங்கள் மாமியார் உட்கார்ந்த அதே நாற்காலியில், காதுவரை இறக்கிய தொப்பியோடு ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். பெயரை நான் எழுத மாட்டேன். அதை ஊருக்குச் சொல்கிற புண்ணியத்தை உங்கள் மணி ஏற்கெனவே கட்டிக்கொண்டுவிட்டது. அவர் ஒன்பது வருடமாக அந்த அம்மாவிடம் விக் வாங்குகிறவர். பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. இந்த முறை நேரில் வராமல் வெப்சைட்டிலேயே வாங்கிவிடலாம், யார் கண்ணிலும் படாது என்று நினைத்து முதல் நாளே வாங்கியிருக்கிறார். வாங்கிய நிமிடத்திலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் மூலையில் மணி ஆடி, அவர் பெயரும், அவர் இருக்கும் வட்டாரமும், "இளமைக் கருப்பு, இடவகிடு, முழுத்தலை" என்ற விவரமும் எட்டிப் பார்த்திருக்கின்றன. கூடவே, "நீங்களும் தாமதிக்காதீர்கள்."

அதை முதலில் பார்த்தவர் அவருடைய பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். ஆசிரியர்கள் அறையில் வந்து தன் மச்சான் தற்செயலாகப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். விளையாட்டு ஆசிரியருக்கு மச்சானே கிடையாது என்று தலைமை ஆசிரியர் சொன்னார். அந்த விளையாட்டு ஆசிரியருக்கும் முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறதாம். ஆனால் அது வேறு கதை.

"என்னைப் பாத்து யாரும் சிரிக்கல சார்" என்றார் தலைமை ஆசிரியர் என்னிடம். "சிரிச்சாக்கூடப் பரவால்ல. பேசும்போது எல்லாரும் என் கண்ணுக்கு ரெண்டு விரல் மேல பாத்துப் பேசறாங்க."

அந்த அம்மா தலை அச்சில் மாட்டியிருந்த விக் ஒன்றை ஊசியால் கோத்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "பதினாறு வருஷமா இந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு போடல அண்ணே. பக்கத்துக் கடைக்காரரு எத்தனையோ தடவ சொன்னாரு, கண்ணாடிக் கதவு போடு, யாவாரம் பெருகும்னு. ஏன் போடலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். ஒன்றேகால் மணி நேரம் சந்துக் கதவில் காவல் நின்றவனுக்குத் தெரியாதா. அங்கே நின்றபடியேதான் உங்களுக்குப் போன் செய்தேன். நடந்ததை நீங்கள் வேறு மாதிரி மகளிடம் சொல்லியிருப்பதால், என் நினைவில் இருப்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்றீர்கள்.

"மாப்பிள்ளை, இங்க ஒரு மனுஷர் தொப்பியோட உக்காந்திருக்கார்" என்றேன்.

"தொப்பியா? அவங்க விக்தான விக்கறாங்க?"

"அந்த மணிய நிறுத்தணும் மாப்பிள்ளை. இப்பவே."

"மாமா, அது எங்களோட பெஸ்ட் ஃபீச்சர். அத நிறுத்தினா சேல்ஸ் பதினெட்டு பர்சென்ட் குறையும்."

"இவருக்கு நூறு பர்சென்ட் குறைஞ்சிருச்சு மாப்பிள்ளை."

"டென்ஷன் ஆகாதீங்க மாமா. செட்டிங்ஸ்ல போய்ப் பாருங்க, இருக்கும்" என்று வைத்துவிட்டீர்கள்.

செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். செட்டிங்ஸுக்குள் ஒரு செட்டிங்ஸ், அதற்குள் "மேம்பட்ட செட்டிங்ஸ்". அதற்குள் போனால் "இந்த வசதி உங்கள் நன்மைக்காக எப்போதும் இயங்கும்" என்று எழுதியிருந்தது. உதவிக்கு உங்கள் கம்பெனி ஒரு பேசும் பொம்மையை வைத்திருக்கிறது, "தோழி" என்று பெயர். தோழியிடம் முறையிட்டேன். "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றாள். புரிந்தால் நிறுத்து அம்மா என்றேன். "இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்" என்றாள். அன்று எழுத ஆரம்பித்தேன் புகார். கொள்முதல் பிரிவில் பழகின கை. தேதி, பொருள், பத்தி எண், பார்வை, இணைப்பு என்று முறையாக எழுதினேன். மொத்தம் இருபத்து மூன்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. இருபத்து மூன்றுக்கும் தோழி தனித்தனியாக வருத்தம் தெரிவித்தாள்.

புகாருக்குப் பதில் வரும்வரை மணியை ஆடவிட முடியுமா. வெப்சைட்டையே மூடிவிடுவது என்று அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மூடுகிற பொத்தானைத் தேடினேன். சேருவதற்கு மாங்காய் அளவில் பச்சைப் பொத்தான் வைத்திருக்கிறீர்களே, விலகுவதற்கு எறும்பு அளவிலாவது வைக்கக்கூடாதா. கண்ணாடிக் கடையில் பூதக்கண்ணாடி இரவல் வாங்கிக் கண்டுபிடித்தேன். அழுத்தினால் ஒரு நாய்க்குட்டி படம் வந்து அழுதது: "எங்களை விட்டுப் போகாதீர்கள்." மறுபடி அழுத்தினேன். "உங்கள் வாடிக்கையாளர்களைக் கைவிடப் போகிறீர்களா" என்று கேட்டது. தலைமை ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "ஆமான்னு போடுங்க சார்" என்றார். கடைசியில் இரண்டே பொத்தான். பெரிதாக, "இல்லை, தங்கிவிடுகிறேன்." கீழே பொடி எழுத்தில், "ஆம், நான் வளர விரும்பவில்லை." வளர விரும்பவில்லை என்பதை அழுத்தினேன் மாப்பிள்ளை. எனக்கு அறுபத்தொன்று. என் தலைமுடி வளர்வதை நிறுத்திப் பத்து வருடமாகிறது. அதற்காக நான் ஒருவரிடமும் வெட்கப்பட்டதில்லை.

இப்படி நான் பொத்தான் அழுத்தியதைத்தான் நீங்கள் அவமானம் என்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ, "உங்க மாமனாரே விட்டுட்டுப் போயிட்டாராமே" என்று கேட்டார்களாம். கேட்கட்டுமே. ஒருவன் தொப்பியைக் காதுவரை இறக்கிக்கொண்டு சந்து வழியாக வந்து உட்காருவதைவிட, ஒருவன் ஆபீஸில் மாமனாரைப் பற்றி ஒரு கேள்வியைத் தாங்குவது பெரிய பாரம் இல்லை.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். இந்த முறை எந்தக் கம்பெனியின் விளம்பரத்தையும் பார்க்கவில்லை. எந்த இயந்திரத்தைப் பற்றியும் விற்பவனிடம் கேட்காதே, அதை வாங்கிப் புழங்குகிறவனிடம் போய்க் கேள் என்பதும் பால பாடம்தான், நான்தான் மறந்தேன். தெருவில் வெப்சைட் வைத்திருக்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். சாவி செய்கிறவர் தன் வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான், பாஸ்வேர்டும் அவனோடு போய்விட்டது என்றார். ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிறவர், தன் கடை மூடும் நேரத்தை மாற்ற முடியாமல் மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கிறார். பல் மருத்துவர், "சைட் அழகாத்தான் இருக்கு, ஆனா அதத் திறக்கறதுக்குள்ள பல்வலி போயிடுது" என்றார். கடைசியில் பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில், கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு சின்ன பில்டரில் தானே ஒரு பக்கம் போட்டுவைத்திருக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஆறு வருஷமா இருக்கு."

"ஏதாவது பிரச்சினை?"

கொஞ்சம் யோசித்தார். "எதுவும் ஆகலயே" என்றார்.

மாப்பிள்ளை, முப்பத்தொரு வருடத்தில் ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று நான் கேட்டதில்லை. அந்தச் சின்னக் கம்பெனிக்கு எழுதி, உங்களிடம் கேட்காமல் விட்ட நான்கு கேள்விகளையும் கேட்டேன். கடையின் பெயரும் முகவரியும் யார் பேரில் இருக்கும்? நாளைக்கு உங்களை விட்டு விலகினால் எங்கள் எழுத்தும் படமும் எங்கள் கையில் வருமா? எங்கள் வாடிக்கையாளர் பெயரை நீங்கள் என்ன செய்வீர்கள்? கடைக்காரர் தானே, யார் உதவியும் இல்லாமல், ஒரு வரியை மாற்ற முடியுமா? ஒரே நாளில் பதில் வந்தது. பொம்மை இல்லை, மனுஷி. "உங்கள் பேரில். வரும். ஒன்றும் செய்ய மாட்டோம், வாங்கவே மாட்டோம். செய்து பாருங்கள்" என்று நான்கே வரி. செய்து பார்த்தோம். அந்த அம்மா விரலெல்லாம் பசையோடு, சுட்டு விரல் ஒன்றை மட்டும் துடைத்துக்கொண்டு, தன் போனிலேயே "புதன்கிழமை விடுமுறை" என்று மாற்றிவிட்டு, "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த வெப்சைட் ஒரே பக்கம். "ஒரு பக்கத்துக்கா இவ்ளோ அலட்டல்" என்று நீங்கள் சொன்னதும் என் காதுக்கு வந்தது. ஆமாம், ஒரு பக்கம்தான். போன் நம்பர் பெரிதாக இருக்கிறது, பூதக்கண்ணாடி வேண்டாம். கடை நேரம் இருக்கிறது. முன்வாசலுக்கு வழி இருக்கிறது, பின்சந்துக்கும் வழி இருக்கிறது: டயர் கடைக்குப் பின்னால், பச்சைக் கதவு, தட்ட வேண்டாம், தள்ளினால் திறக்கும். வாங்குகிற பொத்தான் இல்லை. மணி இல்லை. யார் வாங்கினார், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எந்த மூலையிலிருந்தும் எதுவும் எட்டிப் பார்க்காது.

ஒரு படம் வேண்டும், ஆளே இல்லாமல் வெறும் விக்கைப் போட்டால் பயமாக இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். கஸ்டமர் யாரிடமும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை, எனக்கும் தைரியம் இல்லை. வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் மாமியார் துணி மடித்துக்கொண்டே, "என்னதப் போடுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். உலகம் பூராவும் பார்க்கும், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், சம்பந்தி வீட்டில் பார்ப்பார்கள் என்றேன். "பாக்கட்டும். அவரு பேர யாரோ போட்டாங்க. என் படத்த நான் போடறேன். ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். மாப்பிள்ளை, இருபத்து மூன்று புகாரில் நான் பத்தி பத்தியாக எழுதியும் சொல்ல வராததை அவள் துணி மடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்குச் சொந்த முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. ஆகவே இரண்டு படம்: ஒன்றில் சொந்த முடி, ஒன்றில் விக். கீழே அவளே சொன்ன வாசகம்: "இதில் எது எது என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது." எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டாள். தப்பாகச் சொன்னேன்.

தலைமை ஆசிரியர் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். போன வாரம் கடையில் இருந்தேன். மனிதர் தொப்பி இல்லாமல் முன்வாசல் வழியாக வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன், என்ன சண்டைக்கு வருகிறாரோ என்று. நாற்காலியில் உட்கார்ந்தவர், "எல்லாருக்கும்தான் தெரிஞ்சுபோச்சு. இனிமே எதுக்குப் பயந்து பயந்து வயசுக்கேத்த மாதிரி போட்டுக்கணும்? இன்னும் நல்லா அடர்த்தியா, நெத்தியில சுருட்ட விழற மாதிரி ஒண்ணு போடுங்கம்மா" என்றார். அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் போனபிறகு, "வெவரம் புரியாதவங்க செஞ்சது ஒரு வகையில இவருக்கு நல்லதாப் போச்சு" என்றார். இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா மாமா, என் மணியால் நன்மைதான் என்று நீங்கள் கிளம்ப வேண்டாம். ஒருவரைக் குளத்தில் தள்ளிவிட்டு, அவர் நீச்சல் கற்றுக்கொண்டு கரையேறினால், தள்ளியவருக்கு வாத்தியார் பட்டம் கிடையாது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த வெப்சைட்டை உங்கள் கம்பெனிக்குத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன். அந்த மணி, கடைக்காரர் கேட்டால்தான் அடிக்கும், கேட்காதவரை ஊமை என்று நீங்கள் மாற்றுகிற நாள்வரைக்கும், உங்கள் கம்பெனி எனக்குச் சொர்க்கத்தில் ஒரு பக்கம் இலவசமாகக் கட்டிக் கொடுத்தாலும் உள்ளே கால் வைக்க மாட்டேன். எந்தக் கொம்பன் வந்து கூப்பிட்டாலும் சரி. ஒரு குடும்பத்துக்குள் இதற்குப் போய் முகம் திருப்பிக்கொள்வதா என்று மகள் அழுதாள். முகத்தை நான் திருப்பவில்லை, நேராகத்தான் வைத்திருக்கிறேன், குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தால் தெரியும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி, வேலையில் உயர்ந்து, ஒருவர் சொல்வதை ஒருவர் முழுசாகக் கேட்டு நீண்ட நாள் வாழ வேண்டும். உங்கள் மாமியார் உங்களை வெந்நீரில் குளிக்கச் சொன்னாள். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
வளர விரும்பாத உங்கள் மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி, உறையில் போட்டு, ஒட்டுவதற்கு முன் ஒரு போன் வந்தது. உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு மேலதிகாரி அம்மா. என் இருபத்து மூன்று புகார்களையும் பெரிய திரையில் போட்டு, ஒரு முழு நாள் எல்லோருமாக உட்கார்ந்து படித்தார்களாம். இத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தும் இவ்வளவு தப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை, பத்தி எண் போட்டு யாரும் எழுதியதும் இல்லை என்றார். மணியை நிறுத்திவிட்டார்களாம், இனிக் கடைக்காரர் கேட்டால்தான் அடிக்கும். பிறகு, வீட்டிலிருந்தபடியே தினமும் அரை நாள், அவர்கள் புதிதாகச் செய்வதிலெல்லாம் குற்றம் கண்டுபிடித்துத் தர முடியுமா, அதற்குச் சம்பளம் உண்டு என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியும் என்று வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை சேருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பிரிவின் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள், நான் உங்கள் மாமனார் என்று அந்த மேலதிகாரிக்குத் தெரியாது போலும். சேரும் படிவத்தில், நிறுவனத்தில் உறவினர் எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. முப்பத்தொரு வருடம் படிவத்தில் பொய் எழுதாதவன், இல்லை என்று எழுதியிருக்கிறேன். ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மீட்டிங்கில் என் முகம் வந்தால், தயவுசெய்து மாமா என்று கூப்பிட்டுவிடாதீர்கள், மாப்பிள்ளை. சார் என்றால் போதும்.